பாப்பாவின் மேக்கப் பெட்டியும் பாட்டியின் முணுமுணுப்பும்

மே மாத மலர்க்கண்காட்சிக் கூட்டம் ஏறி இறங்கி முடிந்ததும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சின்னப் பெண் குழந்தை இருக்கும் பல வீடுகளில் ஒரு ரோஸ் நிற மேக்கப் பெட்டி வந்து சேர்ந்திருக்கும். கீழேயிருந்து விருந்துக்கு வந்த சித்தி வாங்கிக் கொடுத்திருப்பார். இல்லையென்றால் ஏரிக்கரைக் கடையில் பாப்பா தரையில் உட்கார்ந்து அழுது வாங்கியிருக்கும். உள்ளே நாலைந்து நிறத்தில் கண் பூச்சு, விரல் நீள லிப்ஸ்டிக், நெயில் பாலிஷ், பஞ்சு வைத்த குச்சி. அப்புறம் ஜூன் மழை பிடிக்கும். வெளியே விட முடியாது. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, பெட்டியும் பேத்தியும் பாட்டியும் ஒரே அறையில் நாள் முழுக்க. சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, "நாலு வயசுப் புள்ளைக்கு எதுக்கும்மா இந்தக் கண்றாவி?" என்று பஞ்சாயத்து தொடங்கிவிடும்.

இந்தப் பஞ்சாயத்துக்கு முதல் முறையாக மாட்டியிருக்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். பல வீடுகளில் சண்டை தீராததற்குக் காரணம் ஒன்றுதான்: ஆளுக்கொரு அளவுகோல். மருமகள் கண்ணுக்கு லிப்ஸ்டிக் விளையாட்டு, கண்மை பழங்காலப் பழக்கம். மாமியார் கண்ணுக்குக் கண்மை லட்சணம், லிப்ஸ்டிக் ஆகாதது. குழந்தையின் தோலுக்கு இரண்டும் பூச்சுதான். இரண்டையும் ஒரே கோலால் அளந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

1. குழந்தை திறப்பதற்கு முன் நீங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள்

பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், பேட்ச் நம்பர், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியல் — இவ்வளவும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண். அழகுசாதனத்தில் சேர்க்கும் சாயத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்குக்கு மேல் காரீயமும், 2 பங்குக்கு மேல் ஆர்சனிக்கும் இருக்கக் கூடாது என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. முகவரியே போடாத பெட்டியில் இதை யார் பார்த்திருப்பார்கள்? அப்படிப்பட்டது வந்தால் வண்ணத்தை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பெட்டி, கண்ணாடி, தூரிகை மூன்றையும் கழுவிக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.

சிலர் ஐஎஸ்ஐ முத்திரையைக் காட்டி "இது இருக்கே" என்பார்கள். பொம்மைகளுக்கு அந்த முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம், நல்ல விஷயம்தான். ஆனால் பொம்மையை யாரும் உதட்டில் பூசுவதில்லை. முகத்தில் படுகிற பொருளுக்கு மேலே சொன்ன உரிம எண்ணைத் தேடுங்கள்.

பெரிய கடையில் வாங்கினால் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. அமெரிக்காவில் சிறுமிகளுக்கான நகை, அலங்காரப் பொருள் விற்கும் ஒரு பெரிய கடைத்தொடரின் 3 மேக்கப் பொருட்களில் புற்றுநோய் வரவழைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததை 2019-ல் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே உறுதி செய்தது. டால்க் என்கிற கல்மாவு பூமியில் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பக்கத்திலேயே கிடைப்பதால் வருகிற சிக்கல் இது. அதனால் பட்டியலில் டால்க் என்று முதலிலேயே வரும் பவுடர் வகைகளைச் சின்னக் குழந்தைக்கு நான் வாங்க மாட்டேன். தண்ணீரில் கரையும் முக வண்ணம் போதும்.

வாங்கியதை முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு பொட்டளவு தடவி ஒரு நாள் விடுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது முகத்துக்குப் போகக் கூடாது. ஜிகினாத் தூள் எந்த வயதிலும் கண் பக்கம் வேண்டாம், கருவிழியைக் கீறிவிடும். கைவேலைக்கு விற்கிற ஜிகினா முகத்துக்கே ஆகாது. அது பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தடை என்று ஒரு தண்ணீர் பாட்டிலுக்கே செக்போஸ்ட்டில் கணக்குக் கேட்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைக் குழந்தை கன்னத்தில் ஒட்டுவானேன்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் இத்தனை ஆராய்ச்சியே தேவையில்லை, வேண்டாம். உதட்டில் பூசியது முழுக்க வயிற்றுக்குள்தான் போகும்.

2. அதே கோலோடு பாட்டியின் அலமாரிக்கு வாருங்கள்

இங்கேதான் கொஞ்சம் பதமாக நடக்க வேண்டும். மாமியாரின் மைச்சிமிழை மருமகள் எடுத்து மோந்து பார்த்தால் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு ருசிக்காது. அவரவர் பெற்றவர்களிடம் அவரவர் பேசுவதே நல்லது. அப்பத்தாவிடம் மகன் பேசட்டும், அம்மாயியிடம் மகள் பேசட்டும்.

கண்மை. சில சுர்மா வகைகளிலும், பெயர் தெரியாத கடை மைகளிலும் காரீய சல்பைடு இருப்பது பல நாடுகளில் சோதித்துக் கண்ட விஷயம். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வீட்டிலேயே விளக்குக் கரி பிடித்து நெய்யில் குழைத்தால் காரீயப் பயம் இல்லை, ஆனால் விரலால் கண்ணுக்குள் இழுக்கும்போது அழுக்கும் கிருமியும் சேர்ந்து போகும். குழந்தை மருத்துவர்கள் கண்ணுக்குள் மை வேண்டாம் என்பதற்கு இவைதான் காரணம். "அப்போ கண்ணு பட்டா?" என்பது பாட்டியின் அடுத்த கேள்வி. அதற்குப் பாட்டிகளே கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு: உள்ளங்காலில் ஒரு திருஷ்டிப் பொட்டு. காது மடலுக்குப் பின்னாலும் வைக்கலாம். கடை மைக்குப் பதில் ஜவ்வரிசியைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய சாந்து வைத்தால் இன்னும் நல்லது. செய்யத் தெரிந்த பாட்டி வீட்டிலிருந்தால் கேட்டுப் பாருங்கள், முகமே மலர்ந்துவிடும்.

பவுடர். குளிப்பாட்டியதும் கழுத்து, நெஞ்சு, முகம் என்று வெள்ளையடிக்கும் பழக்கம் தாத்தாக்களுக்கும் உண்டு. குளிருக்காகச் சன்னலை இழுத்து மூடிய மலை வீட்டு அறையில் அந்தத் தூள் எங்கே போகும்? குழந்தையின் மூக்குக்குத்தான். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமே 2023-ல் உலகம் முழுக்கத் தன் பேபி பவுடரில் டால்க்கை விட்டுவிட்டுச் சோள மாவுக்கு மாறியது. தாத்தாவிடம் இந்த ஒரு செய்தி போதும், "அட, கம்பெனிக்காரனே விட்டுட்டானா" என்று டப்பாவை மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவார்.

குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்ததென்றால் கவலையில்லை. கண்ணைப் பறிக்கும் சிவப்பில் விலை மலிவாக வருவது வெறும் சாயம்.

இன்னொன்று, மேக்கப்புக்குத் தொடர்பில்லாதது மாதிரி இருக்கும், ஆனால் நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நீலகிரித் தைலமும், வலிக்குத் தேய்க்கும் விண்டர்கிரீன் தைலமும் இல்லாத வீடு இங்கே ஏது? இரண்டுமே சின்னக் கண்ணாடிப் புட்டி, நெயில் பாலிஷ் அளவுதான் இருக்கும். அலங்கார விளையாட்டு பழகிய குழந்தை அதையும் திறந்து பூசிப் பார்க்கும், நக்கியும் பார்க்கும். விண்டர்கிரீன் தைலம் ஒரு டீஸ்பூன் உள்ளே போனாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து. பெட்டிக்குக் கீழ்த்தட்டு, தைலத்துக்குப் பூட்டுள்ள மேல்தட்டு. இதில் பேச்சே கிடையாது.

3. மலைத் தோலைக் கவனியுங்கள்

கீழ்நாட்டில் எழுதிய குறிப்புகள் இங்கே அப்படியே ஒத்துவராது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் குழந்தைகளின் கன்னம் சிவந்து சொரசொரவென்று வெடித்திருக்கும். வெடித்த தோலில் எந்த வண்ணமும் எரியும், உள்ளேயும் இறங்கும். அந்த மாதங்களில் முகத்துக்கு விடுமுறை, வேண்டுமானால் புறங்கையில் பூ வரைந்துகொள்ளட்டும்.

ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். குளிராக இருக்கிறதே என்று வெயிலை நாம் மதிப்பதில்லை. மலைக் குழந்தையின் முகத்துக்கு உண்மையிலேயே பூச வேண்டியது ஒன்று இருக்கிறதென்றால் வாசனை சேர்க்காத ஈரப்பதக் கிரீமும், வெளியே போகும்போது சன்ஸ்கிரீனும்தான். விளையாட்டை இதிலிருந்தே தொடங்கினால், "முதல்ல கிரீம், அப்புறம்தான் கலர்" என்று குழந்தைக்கே பழகிவிடும்.

கலைப்பதற்குத் தேங்காயெண்ணெய் போதும். நம் ஊரில் அது வருடத்தில் பெரும்பாலான நாள் பாட்டிலுக்குள் கல்லாக நிற்கும். 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும், ஊட்டியில் எப்போது 24 டிகிரியைப் பார்க்கிறோம்? அகப்பைக் காம்பால் குத்தி எடுத்த கட்டியை அப்படியே கன்னத்தில் தேய்த்தால் பாப்பா வீடு அதிர அலறும், மறுபடி கலைக்கவே விடாது. பாட்டிலை வெந்நீர் டம்ளரில் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். இளகியதை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கி, பழைய பருத்தி வேட்டித் துண்டால் மேலிருந்து கீழாகத் துடைத்து எடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், உடனே கிரீம். தூங்கப் போகும்போது முகத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது.

நெயில் பாலிஷ் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பானவன். கழற்றுவதற்கு அசிட்டோன் வேண்டும், அசிட்டோன் ஆவி எட்டத்தில் இருக்கும் நெருப்பைக்கூடப் பிடித்துக்கொள்ளும். நாமோ கரியடுப்புக் கணப்பையோ ஹீட்டரையோ நடுவில் வைத்து, கதவைச் சாத்தி, சுற்றி உட்காருகிறவர்கள். அந்த அறையில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. விரல் சூப்பும் குழந்தைக்கு நெயில் பாலிஷே வேண்டாம். உரித்து எடுக்கிற, தண்ணீரில் செய்த வகை கிடைத்தால் பார்க்கலாம்.

4. பாட்டிக்கு எது உறுத்துகிறது என்று கேளுங்கள்

"மேக்கப் வேண்டாம்" என்று பாட்டி சொல்வது ஒரே வாக்கியம்தான், அதற்குள் நாலு விதமான காரணம் இருக்கலாம். தோல் கெட்டுவிடும் என்ற கவலை என்றால் மேலே செய்ததையெல்லாம் காட்டினாலே தீர்ந்துவிடும். "இருநூறு ரூபா குடுத்து மூஞ்சில அப்பிக்கறதா?" என்பது காசுக் கணக்கு, அதில் நியாயமும் இருக்கிறது.

ஊர் வாய் என்பது வேறு. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லைன் வீட்டிலும், படகர் ஊரான ஹட்டியிலும் எல்லார் வீட்டு வாசலும் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர்க் குழாயில் நிற்கும்போது "உங்க பேத்தி என்ன, சினிமாவுல சேரப் போகுதா?" என்று கேட்கப்படுவது நீங்கள் அல்ல, அவர். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எல்லாரும் வெள்ளை உடுத்திப் போகும் இடத்தில், உதடு சிவந்த பேத்தியின் கையைப் பிடித்து நடப்பது ஒரு படகர் பாட்டிக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். இவ்வளவுக்கும் அவர் நெற்றியிலும் கையிலும் சின்ன வயதில் குத்திய பச்சை இருக்கலாம். ஆனால் அதைச் சுட்டிக்காட்டி மடக்கப் பார்க்காதீர்கள், அன்றைக்கு அது ஊர் வழக்கம் என்பார், அவர் சொல்வதும் சரி. சாவகாசமாக ஒரு நாள், பச்சை குத்தும்போது வலித்ததா, யார் பிடித்துக்கொண்டார்கள் என்று பேத்தியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அதிலிருந்து பேச்சு எங்கெங்கோ போகும்.

நாலாவது காரணத்தைப் பாட்டி வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பெரிய பெண் மாதிரி தெரிந்தால் யாராவது தப்பான கண்ணால் பார்ப்பார்களோ என்ற பயம். "இப்பவே என்ன அவசரம்?" என்ற முணுமுணுப்பு பெரும்பாலும் இதிலிருந்து வருவது. இதைப் பத்தாம்பசலித்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். தப்பாகப் பார்க்கிறவன் லிப்ஸ்டிக் இல்லாத குழந்தையையும் பார்ப்பான், குற்றம் அவனுடையது என்பதை நிதானமாகச் சொல்லுங்கள். கூடவே, மேக்கப் போட்ட படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட மாட்டோம், குடும்பக் குழுவுக்குக்கூட அனுப்ப மாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். பாட்டிக்கு அதுதான் பெரிய ஆறுதல். நமக்கும் அது நல்ல ஏற்பாடு.

நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. "பவுடர் போட்டாத்தான் புள்ள கலரு", "மலைக்கு வந்தும் செவக்கலியே" என்ற பேச்சு. சமவெளியிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கு ஊட்டிக் குளிர் என்றால் குழந்தை ஆப்பிளாகச் சிவக்க வேண்டும் என்ற எண்ணம். வண்ணம் பூசுவது விளையாட்டு, கறுப்பை மறைப்பது விளையாட்டு அல்ல. குழந்தை காதுபட இது வந்தால் அங்கேயே, மரியாதையாக, ஆனால் உடனே நிறுத்துங்கள்: "அத்தை, நிறத்தைப் பத்தி மட்டும் பேச வேண்டாம். இவ இருக்கிற நிறமே அழகு." அதே மாதிரி "அசிங்கமா இருக்கு, போய்க் கழுவு" என்பதற்கும் இடமில்லை. "வெளியில போறோம் கண்ணு, கழுவிட்டு வா" என்றால் வேலை முடிந்தது.

5. வீட்டுக்கு ஒரு சட்டம்

சின்னதாக இருந்தால்தான் நிற்கும். எங்கே: வீட்டுக்குள், முற்றம் வரை. எப்போது: ஞாயிற்றுக்கிழமை, அப்புறம் மழைக்கு அடைந்து கிடக்கும் நாள். எது: பெரியவர்கள் பார்த்து வைத்த பெட்டியில் இருப்பது மட்டும். கோயில், பள்ளிக்கூடம், துக்க வீடு, பாட்டியின் அண்ணன் வீடு — கழுவிய முகம். வெளியூர்ப் பாட்டி வந்து தங்கும் வாரத்துக்கும் இதே சட்டம்தான். ஆள் பார்த்து மாற்றினால் குழந்தை அதைவிட வேகமாகக் கற்றுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

குழந்தை தூங்கிய பிறகு, டீயோடு, இப்படிப் பேசலாம்:

"அத்தை, நீங்க சொன்னதுல ஞாயம் இருக்கு. வெளியில வேண்டாம். வீட்டுக்குள்ள ஞாயித்துக்கிழமை மட்டும் விளையாடட்டுமே."

"என்னமோ பண்ணுங்க. அந்தச் செவப்போட கோயிலுக்கு மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

"வர மாட்டா. நீங்களும் கண்ணுக்குள்ள மை வைக்க வேண்டாம், டாக்டரே சொல்லிட்டாங்க. காலுல பொட்டு வெச்சுக்கலாம்."

"ம்ம்."

அந்த "ம்ம்" போதும். சம்மதம் என்று எழுதி வாங்க நினைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தைகள் விளையாட வந்தால் லிப்ஸ்டிக், கண் பூச்சு, குச்சி எதையும் பங்கு போடக் கூடாது. ஒரு குழந்தைக்கு மெட்ராஸ் ஐ வந்தால் லைன் முழுக்கச் சுற்றும்.

6. பாட்டியையே பொறுப்பாளராக்குங்கள்

நமக்கு வாய்த்த நல்ல சாயம் தோட்டத்திலேயே விளைகிறது. பீட்ரூட்டை வில்லையாக நறுக்கி, வெட்டிய பக்கத்தை உதட்டில் நாலு தடவை ஒற்றினால் நல்ல ரோஸ். பீட்ரூட் சாறு எண்ணெயோடு சேராது, அதனால் வாசலினில் கலந்து குழப்ப வேண்டாம். முதலில் சாறு, காய்ந்ததும் மேலே மெல்லிசாக வாசலின். அரைமணி நேரம் நிற்கும், நக்கினாலும் தித்திக்கும். பாவாடையில் பட்டால் போகாது, பழைய சட்டை போட்டுவிடுங்கள். அரிவாள்மனை பாட்டியிடம் இருப்பதால் இந்த அலங்காரம் அவர் கையால்தான் நடக்க முடியும். "நான் போட்டு விடறேன், உக்காரு" என்று அவரே கூப்பிடும் நாள் வந்துவிடும்.

மருதாணி இந்தக் குளிரில் சரியாக வளராது, மேட்டுப்பாளையத்திலிருந்து யாராவது பறித்து வர வேண்டும். ராத்திரி முழுக்க வைத்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி சொன்னால், பகலில் இரண்டு மணி நேரம் வைத்து, கிடைத்த சிவப்போடு திருப்திப்படுங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு மருதாணி ஆகாது, ரத்தத்தைப் பாதிக்கும். சீசன் கடைகளில் பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று போட்டுவிடுகிறார்களே, அந்தக் கறுப்பு மருதாணிக் கோன் பக்கமே போகாதீர்கள். அதில் முடிச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி ரசாயனம் இருக்கும், சில குழந்தைகளுக்குத் தோல் கொப்பளித்துத் தழும்பே விழுந்துவிடும்.

7. பையன் கேட்டால்

தங்கைக்குப் போடும்போது அண்ணனும் முகத்தை நீட்டுவான். தாத்தா முகம் சுளிப்பார். கோகுலாஷ்டமிக்கு அதே பையனுக்குக் கண்ணன் வேஷம் கட்டி, உதட்டில் சிவப்பும் கண்ணில் மையும் தீட்டி, அரிசிமாவுப் பாதத்தில் நடக்க வைத்து ரசித்தது அதே தாத்தாதான். ஆல்பத்தை எடுத்து அவர் மடியில் வைத்தால் போதும், வாதம் வேண்டாம். புலி, பூனை, மீசை என்று வரைந்துவிட்டால் சண்டைக்கே வேலையில்லை.

8. ஏதாவது வாய்க்குள் போனால், கண்ணில் பட்டால்

கண்ணில் பட்டால் தேய்க்க விடாமல் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரைப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். லிப்ஸ்டிக் கொஞ்சம் தின்றுவிட்டால் வாயைத் துடைத்து, கவனித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் போதும். நெயில் பாலிஷ், அசிட்டோன், தைலம் என்றால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, உப்புத் தண்ணீரும் வேண்டாம். புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளும் மேகமும் உள்ள ஊர், 108 வரும்வரை காத்திருப்பதா, பக்கத்து வீட்டு ஜீப்பைக் கேட்பதா என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். டெல்லி எய்ம்ஸ் விஷ முறிவுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. பாட்டியின் போனில் இதைப் பதிந்துவையுங்கள், பகலில் வீட்டில் இருப்பது அவர்தான்.

9. மழை முடிந்ததும் பெட்டியைப் பாருங்கள்

ஜூனில் தொடங்கும் ஈரம் நவம்பர் வரை நம்மை விடுவதில்லை. அலமாரியில் தோல் செருப்பு பூஞ்சணம் பிடிக்கும் வீட்டில், எச்சில் குச்சி பட்ட வண்ணம் மட்டும் தப்புமா? நிறத்தின் மேல் வெள்ளைப் புள்ளி, புளித்த வாடை, பிசுபிசுப்பு எது தெரிந்தாலும் தேதி முடியவில்லை என்று பார்க்காமல் எறிந்துவிடுங்கள். தூரிகைகளை மாதம் ஒரு முறை சோப்பில் அலசி, வெயில் அடிக்கும் நாளில் காய வையுங்கள். பஞ்சுக் குச்சி காயாது, அதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். வண்ணம் தீர்ந்த பெட்டியை உடனே நிரப்ப வேண்டிய அவசியமும் இல்லை. வெறும் தூரிகையைக் கொடுத்துப் பாருங்கள், பாட்டியை உட்கார வைத்து ஒன்றுமே இல்லாத மேக்கப்பை அரைமணி நேரம் போட்டுக்கொண்டிருக்கும்.